நண்பர்களைக் குறித்து வைக்கும் கட்டளைவரி

யாரை, எப்போது, எங்கே சந்தித்தோம் என்பதைக் கணினியின் கட்டளைவரியில் ஒற்றை வரியாகத் தட்டிச் சேமிக்க உதவும் சிறு நிரல்கள் சில உண்டு. அவற்றில் ஒன்றின் பெயரே 'ஃப்ரெண்ட்ஸ்'. ரூபி மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள் இது. ரூபி ஏற்கெனவே உள்ள கணினியில் 'ஜெம் இன்ஸ்டால் ஃப்ரெண்ட்ஸ்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும், நிறுவப்பட்டுவிடும். சமூக வலைத்தளங்களோடு இதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. கணக்குத் தொடங்க வேண்டாம். படம், விருப்பக்குறி, அறிவிப்பு எதுவும் கிடையாது. தங்களைப் பற்றி இப்படியொரு பதிவு இருப்பதே நண்பர்களுக்குத் தெரியாது. பயனர் ஒருவர், அவருடைய கணினியில் ஒரு கோப்பு, அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்தக் கோப்பில் நான்கு பகுதிகள் இருக்கும்: செயல்பாடுகள், குறிப்புகள், நண்பர்கள், இடங்கள். சேர்ந்து செய்தது எதுவோ அது செயல்பாடு: காலைச் சிற்றுண்டி, சினிமா, ஒரு மணி நேரத் தொலைபேசிப் பேச்சு. நண்பருக்கு வேலை மாறியது, குழந்தை பிறந்தது போன்றவை குறிப்புகள். அவற்றுக்குச் சந்திப்பு நடந்திருக்க வேண்டியதில்லை. முதலில் நண்பரின் முழுப்பெயரை ஒருமுறை சேர்த்துவிட வேண்டும். பட்டப்பெயர் இருந்தால் அதையும் சேர்க்கலாம், வசிக்கும் ஊரையும் சேர்க்கலாம். அதன் பிறகு ஒவ்வொரு சந்திப்பையும் சாதாரண வாக்கியமாகத் தட்டினால் போதும். வாக்கியத்தின் தலையில் 'யெஸ்டர்டே' என்று போட்டால் கருவி அதை நேற்றைய தேதியாக்கிக்கொள்ளும். தேதியே போடாவிட்டால் இன்று என்று எடுத்துக்கொள்ளும். '@' குறியோடு ஒரு சொல்லை ஒட்டினால் அது வகைப்பெயராகிவிடும். உணவு, பயணம், விளையாட்டு என்று பிற்பாடு பிரித்துப் பார்க்க அது பயன்படும்.

வாக்கியத்தில் 'ஆனி' என்று மட்டும் இருந்தால், பட்டியலில் உள்ள 'ஆனி தாமஸ்' என்ற முழுப்பெயரைக் கருவியே அந்த இடத்தில் இட்டு, இருபுறமும் இரட்டை நட்சத்திரக் குறி வைக்கிறது. இடப்பெயருக்கு அடிக்கோடு. பட்டியலில் இரண்டு ஆனிகள் இருந்தால்தான் சுவாரசியம். அப்போது கருவி அதே வாக்கியத்தில் வேறு யார் பெயர் வருகிறது என்று பார்க்கிறது. பீட்டரும் கூட இருந்தார் என்றால், பழைய பதிவுகளில் எந்த ஆனி பீட்டரோடு அதிகம் காணப்பட்டார் என்று எண்ணி, அவரைத் தேர்ந்தெடுக்கிறது. வேறு துப்பு இல்லையென்றால் அதிகச் செயல்பாடுகளில் வந்த ஆனிதான் அந்த ஆனி. வீட்டில் 'குமார் வந்திருந்தான்' என்று ஒருவர் சொல்லும்போது, எந்தக் குமார் என்று கேட்காமலே மற்றவர்கள் ஊகிப்பதும் ஏறக்குறைய இதே முறையில்தான். ஊகம் தவறினால் கோப்பைத் திறந்து கையால் திருத்திக்கொள்ளலாம்.

தமிழில் எழுத முற்படுபவருக்கு இங்கே ஒரு தடை காத்திருக்கிறது. ஆங்கில வாக்கியத்தில் பெயர் பெரும்பாலும் உருமாறாமல் தனித்து நிற்கும். தமிழிலோ வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. 'குமார்' என்பது 'குமாரை', 'குமாருடன்', 'குமாரோடு' என்றெல்லாம் ஆகிறது. சிக்கல் இதோடு நிற்பதில்லை. யூனிகோடு முறையில் 'குமார்' என்ற சொல்லின் கடைசி இரண்டு குறியீடுகள் 'ர' என்ற எழுத்தும் அதன் மேல் வரும் புள்ளியும். 'குமாருடன்' என்று எழுதும்போது புள்ளி போய், அந்த இடத்தில் உகரக் குறி வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே கணினியின் கண்ணுக்கு முதல் சொல் இரண்டாம் சொல்லுக்குள் இல்லவே இல்லை. முழுச்சொல்லாகப் பெயரைத் தேடும் எந்த நிரலும் இங்கே தோற்கும். உருபுகளைப் பிரித்தறியும் நிரல் ஒன்றை இடையில் வைக்கலாம். அதைவிட எளிய வழி, பெயர்களை உருபில்லாமல் தந்தி பாணியில் எழுதுவது: 'குமார், மாலதி. மெரினாவில் நடை. பிறகு சுண்டல்.' இலக்கணம் கொஞ்சம் நோகும், தேடல் பிழைக்கும்.

சேமிப்பு முறைதான் இந்தக் கருவியின் உறுதியான பகுதி. தரவுத்தளம் எதுவும் கிடையாது. எல்லாம் ஒரே ஓர் உரைக்கோப்பில், ஜான் குரூபர் 2004-இல் வெளியிட்ட மார்க்டவுன் வடிவத்தில் இருக்கின்றன. எந்த உரைத்தொகுப்பியிலும் அதைத் திறந்து படிக்கலாம். கருவியைப் பராமரிப்பவர்கள் நாளை கைவிட்டாலும் கோப்பு செல்லாக்காசாகாது. 'கிரெப்' என்ற பழைய யூனிக்ஸ் கட்டளை ஒன்றே ஒரு பெயர் வரும் வரிகளையெல்லாம் பொறுக்கித் தந்துவிடும். 'கிட்' என்ற பதிப்பு மேலாண்மை நிரலைக் கொண்டு பழைய நிலைகளைக் காத்து வைக்கலாம், இரண்டு கணினிகளுக்கிடையே ஒத்திசைக்கவும் செய்யலாம். கோப்பு பெருத்துவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுக்கும். நாளுக்கு ஒரு வரி, வரிக்கு 80 குறியீடுகள் என்று பத்து ஆண்டுகள் எழுதினாலும் ஒன்பது லட்சம் பைட்டைத் தொடாது. கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் பெரும்பாலும் இதைவிடப் பெரியது.

உறவுகளைக் குறித்து வைப்பது கணினி கொண்டுவந்த வழக்கமில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எழுதப்படும் மொய் நோட்டு அதற்குச் சான்று. ஆனால் அது கொடுக்கல் வாங்கல் பதிவு. திருப்பிச் செய்ய வேண்டிய தொகை அதில் முக்கியம், சந்திப்பு முக்கியமில்லை. சந்திப்பையே எண்ணும் முயற்சி சமூகவியலில் தொடங்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மைக்கேல் குரேவிச் 1961-இல் முடித்த ஆய்வேட்டுக்காக, ஒரு சிறு குழுவினர் 100 நாட்கள் தாங்கள் தொடர்புகொண்ட தெரிந்த மனிதர்களையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவந்தார்கள். இதியல் த சோலா பூலும் மேன்பிரெட் கோச்சனும் எழுதிய புகழ்பெற்ற 'தொடர்புகளும் செல்வாக்கும்' கட்டுரை இத்தகைய தரவுகளை வைத்தே ஒரு மனிதருக்கு எத்தனை பேரைத் தெரியும் என்று கணக்கிட முயன்றது. 1950-களின் இறுதியிலிருந்து கைப்பிரதியாகச் சுற்றிவந்த அது 1978-இல்தான் அச்சேறியது. கணினிப் பக்கம், 1991-இல் ஜேமி ஜவின்ஸ்கி ஈமேக்ஸ் தொகுப்பிக்காக ஒரு முகவரித் தரவுத்தளம் எழுதினார். மின்னஞ்சல் அனுப்பியவர்களின் விவரங்களை வாசிக்க வாசிக்கச் சேர்த்துக்கொள்ளும் அந்த நிரலுக்கு, எல்லோரையும் கண்காணிக்கும் பெரியண்ணன் வரும் ஆர்வெல்லின் நாவலை நினைவூட்டி, 'சூழ்ச்சிக்காரப் பெரியண்ணன் தரவுத்தளம்' என்று கேலியாகப் பெயர் வைத்தார். கேலியில் எச்சரிக்கையும் இருந்தது.

நண்பர்களை நினைவில் வைத்துக்கொள்ளக் கருவி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அதற்கான பதில் 1970-களில் மானிடவியலாளர் ரஸல் பெர்னார்டும் கணிதவியல் பின்னணி கொண்ட பீட்டர் கில்வொர்த்தும் தொடங்கிய ஆய்வுகளில் இருக்கிறது. யாரோடு எவ்வளவு பேசினீர்கள் என்று கேட்டு வாங்கும் பதில்களை, உண்மையில் நடந்த பேச்சின் பதிவோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். தட்டச்சுத் தொலைத்தொடர்பு வழியே உரையாடிய காதுகேளாதோர், அமெச்சூர் வானொலி இயக்குநர்கள், ஒரு சிறு அலுவலகம், ஒரு மாணவர் விடுதி என்று வெவ்வேறு குழுக்களைக் கண்காணித்தார்கள். விடுதியில் ஒருவர் கால்மணிக்கு ஒருமுறை சுற்றிவந்து யார் யாரோடு பேசுகிறார்கள் என்று குறித்தார். டேவிட் குரோனென்ஃபெல்டு, லீ செய்லர் ஆகியோரோடு சேர்ந்து 1984-இல் வெளியிட்ட தொகுப்புக் கட்டுரையில் அவர்கள் வந்த முடிவு கடுமையானது: மக்கள் சொல்வதில் சுமார் பாதி ஏதோ ஒரு வகையில் தவறு.

பாதி தவறு என்பதைவிட, எந்தப் பாதி தவறு என்பதே கவனிக்க வேண்டியது. லின்டன் ஃப்ரீமன், கிம்பால் ரோம்னி, சூ ஃப்ரீமன் மூவரும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் நடந்த தொடர் கருத்தரங்கு ஒன்றைப் பயன்படுத்தி 1987-இல் இதற்கு விடை தந்தார்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் யார் வந்தார்கள் என்று அவர்களிடம் பட்டியல் இருந்தது. குறிப்பிட்ட ஓர் அமர்வு முடிந்து சில நாட்கள் கழித்து, அன்று வந்தவர்களைச் சொல்லுங்கள் என்று கலந்துகொண்டவர்களிடம் கேட்டார்கள். வழக்கமாக வருபவர் அன்று வராதிருந்தும் வந்ததாகச் சொன்னார்கள். எப்போதாவது தலைகாட்டுபவர் அன்று வந்திருந்தும் விட்டுவிட்டார்கள். நினைவு தாறுமாறாகத் தவறவில்லை. வழக்கம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே தவறியது. மனம் நிகழ்ச்சியைக் கழித்துவிட்டு வழக்கத்தை வைத்துக்கொள்கிறது.

நட்புக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் விளைவு தெளிவாகும். மாதந்தோறும் சந்தித்துவந்த நண்பர் ஒருவரை எட்டு மாதமாகப் பார்க்கவில்லை என்றாலும், 'அடிக்கடி பார்ப்போமே' என்றே மனம் சொல்லும். மாறாக, ஆண்டுக்கு இரண்டே முறை ஊருக்கு வந்தாலும் ஒவ்வொரு முறையும் தவறாமல் வீடு தேடி வரும் ஒருவர் கணக்கில் விடுபட்டுப் போவார். இந்த இரண்டு பிழைகளையும் பிடிக்கத் தேதியிட்ட ஒரு வரி போதும். கருவியின் 'கிராஃப்' கட்டளை ஒரு நண்பரோடு நடந்த செயல்பாடுகளை மாதவாரியாகப் பட்டைகளாக வரைந்து காட்டும்போது, கண்ணில் முதலில் படுவது உயரமான பட்டைகளைவிட வெற்று மாதங்கள்தான். நட்பின் பதிவில் மிகப் பயனுள்ள செய்தி இந்த வெறுமையே என்று சொல்லலாம்.

கருவி கணக்கிடும் மற்ற எண்கள் அவ்வளவு நம்பகமானவையல்ல. மொத்தச் செயல்பாடுகள் இத்தனை, நண்பர்கள் இத்தனை என்ற புள்ளிவிவரம் பார்க்க அழகு, அதற்குமேல் மதிப்பில்லை. நெருக்கத்தைச் செயல்பாடுகளின் எண்ணிக்கையால் அளப்பதும் அரைகுறைதான். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நண்பர் என்ற நிலைக்கு 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருப்பதாக மதிப்பிட்டது. வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் என்று வைத்தால் நெருக்கத்துக்கு 100 வாரம், அதாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டு. வேலையிடத்தில் சேர்ந்து உழைக்கும் நேரத்துக்கு அதே பலன் இருப்பதில்லை என்றும் ஹால் கண்டார். பக்கத்து மேசைக்காரரோடு ஐந்து ஆண்டு இருந்தும் அவர் வெறும் சக ஊழியராகவே நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம். கட்டளைவரிக் கருவியோ மணிக்கணக்கைப் பார்ப்பதில்லை. பத்து நிமிடக் காப்பியும் மூன்று நாள் மலையேற்றமும் அதற்கு ஒவ்வொரு வரி. நேரம் முக்கியம் என்று கருதுபவர் வகைப்பெயராக அதைத் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டியலில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற கேள்வி வந்தால், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பார் பெயர் வராமல் போகாது. குரங்கினங்களின் மூளைப்புறணி அளவையும் குழு அளவையும் ஒப்பிட்டு, மனிதருக்கு 148 என்ற எண்ணை 1992-இல் அவர் கணித்தார். நடைமுறையில் அது 150 ஆனது. அதற்குள் ஏறக்குறைய 5, 15, 50 என்று அடுக்குகள் உண்டு என்பதும், சமூக நேரத்தில் 40 விழுக்காடு அந்த முதல் ஐந்து பேருக்கே போய்விடுகிறது என்பதும் அவருடைய பிற்காலக் கருத்து. 150 என்ற எண் பெற்ற புகழுக்கு ஏற்ற உறுதி அதற்கு இல்லை. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் பாட்ரிக் லிண்டன்ஃபோர்ஸ் குழுவினர் 2021-இல் புதிய புள்ளியியல் முறைகளில் அதே கணக்கைப் போட்டபோது, ஒரு முறையில் நம்பக இடைவெளி 4-இலிருந்து 520 வரை நீண்டது. எந்த ஒற்றை எண்ணையும் சொல்வது வீண் என்று அவர்கள் எழுதினார்கள்.

அடுக்குகளைப் பற்றிய கருத்துக்குக் கொஞ்சம் கூடுதல் ஆதாரம் உண்டு. பின்லாந்தின் யாரி சரமாகி, டன்பார் உள்ளிட்ட குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனில் பள்ளி முடித்துப் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ சென்ற 24 பேரின் கைப்பேசி அழைப்புகள் 18 மாதங்களுக்குப் பார்க்கப்பட்டன. அந்தக் காலத்தில் அவர்களுடைய நண்பர் வட்டம் வெகுவாக மாறியது. ஆனால் முதலிடத்தில் உள்ளவருக்கு எத்தனை விழுக்காடு அழைப்பு, இரண்டாமவருக்கு எத்தனை என்ற பங்கீடு ஒவ்வொருவரிடமும் கிட்டத்தட்ட அப்படியே நீடித்தது. ஆட்கள் மாறினார்கள், அச்சு மாறவில்லை. ஒருவர் ஓரிரு ஆண்டு உழைத்து எழுதிய தம் கோப்பை எண்ணிப் பார்த்தால் இதே போன்ற ஒரு பங்கீட்டைத் தம்மிடமும் காணக்கூடும். புதிய நண்பர் ஒருவர் மேலே ஏறும்போது பழையவர் ஒருவர் கீழே இறங்குகிறார் என்பதும் இதிலிருந்து கிடைக்கும் செய்திதான். நேரம் கூடுவதில்லை, கை மாறுகிறது.

கீழே இறங்கியவர்களுக்காகவே கருவியில் 'சஜஸ்ட்' என்றொரு கட்டளை இருக்கிறது. அது நண்பர்களைச் செயல்பாட்டு எண்ணிக்கைப்படி தூரத்தவர், இடைப்பட்டவர், நெருங்கியவர் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவரைக் குலுக்கல் முறையில் எடுத்து, இவரைப் பார்க்கலாமே என்கிறது. குறிப்பிட்ட ஊரில் இருப்பவர்களை மட்டும் கேட்கவும் வழியுண்டு. வெளியூர்ப் பயணத்துக்கு முன் அது உதவும். கடைசியாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்பதை இந்தத் தேர்வு பொருட்படுத்துவதில்லை. இது வடிவமைப்பில் உள்ள குறையே. போன வாரம் பார்த்தவரை மறுபடி பார்க்கச் சொல்வதால் யாருக்கும் பயனில்லை. தேதிகள் கோப்பில் இருப்பதால், நீண்ட நாள் இடைவெளியுள்ள பெயர்களை மேலே கொண்டுவரும் சில வரி நிரலைப் பயனரே எழுதிக்கொள்ளலாம். உரைக்கோப்பின் நன்மை இங்கேயும் தெரிகிறது.

விட்டுப்போன தொடர்பைப் புதுப்பிப்பதில் மனிதர்களுக்குள்ள தயக்கம் பெரும்பாலும் வீண் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. டேனியல் லெவின், ஜார்ஜ் வால்டர், கீத் மர்னிகன் மூவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நிறுவன நிர்வாகிகள் குறைந்தது மூன்று ஆண்டுகளாகத் தொடர்பில்லாத பழைய ஆட்களை அழைத்து, தங்கள் வேலையைப் பற்றி ஆலோசனை கேட்டார்கள். கிடைத்த ஆலோசனைகள் நடப்புத் தொடர்புகளிடமிருந்து வந்தவற்றுக்குச் சளைக்கவில்லை. புதுமையில் விஞ்சவும் செய்தன. பழைய நம்பிக்கை அப்படியே இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பழைய ஆட்கள் வேறு உலகங்களில் சேர்த்த செய்தியும் கூட வந்தது. பெக்கி லியூ தலைமையிலான குழு 2022-இல், 13 சோதனைகளில் 5,900-க்கு மேற்பட்டோரை வைத்து, எதிர்பாராமல் வரும் ஒரு நலவிசாரிப்பைப் பெறுபவர் எவ்வளவு மதிக்கிறார் என்று பார்த்தது. அனுப்புபவர்கள் அந்த மகிழ்ச்சியைத் தொடர்ந்து குறைத்தே மதிப்பிட்டார்கள். வெகுநாள் பேசாதவர் அழைப்பதில் வியப்பு கூடுதல் என்பதால் மதிப்பும் கூடியது.

எஞ்சியிருப்பது தனியுரிமை. கோப்பில் இருப்பவை பயனரின் நாட்கள் மட்டுமல்ல, மற்றவர்களின் நாட்களும்தான்: யார் எங்கே இருந்தார், யாரோடு வந்தார், யாருக்கு வேலை போயிற்று, யாருக்கு உடம்பு சரியில்லை. சட்டம் இங்கே பெரிதாகத் தலையிடாது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளும் இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனிமனிதர் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ வைத்திருக்கும் தகவல்களுக்கு விலக்கு அளிக்கின்றன. அதனால் பொறுப்பு முழுவதும் எழுதுபவர் தலையில்தான். மார்க்டவுன் கோப்பு பூட்டில்லாதது. கணினி கைக்கு வந்த எவரும் படிக்கலாம். ஒத்திசைவுக்காகக் கிட் களஞ்சியத்தில் ஏற்றுபவர், அது தனிக் களஞ்சியமா பொதுவா என்று இருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். வட்டையோ கோப்பையோ மறைகுறியாக்கி வைப்பது இன்னும் நல்லது. அதற்கு ஜிபிஜி போன்ற கட்டளைவரிக் கருவிகளே போதும். நோய், பணம், குடும்பச் சண்டை ஆகியவற்றைக் கோப்பில் எழுதாமலே விடலாம். தேதி, பெயர், இடம், செய்தது என்ன என்ற நான்கும் இருந்தால் இந்தக் கருவி செய்யக்கூடிய வேலைகள் அனைத்தும் நடக்கும்.